கேளுங்க சொல்றேன்: காஸ்ட்யூம் டிசைனர் ஆகணும்னா எங்க ஆரம்பிக்கிறது?

போன இதழ்ல ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப, "நான் இருபது வருஷமா சினிமாவுல துணி துவைச்சு பொழச்சவ"ன்னு விளையாட்டா ஒரு வரி எழுதிட்டேன். அவ்வளவுதான், வந்த லெட்டர்ல பாதிக்கு மேல அதப் பத்தியே இருக்கு, அதுலயும் முக்காவாசி நம்ம காரைக்குடி, தேவகோட்டை சுத்துவட்டாரம். அதனால இந்த தடவ மாமியார் பிரச்சனை, முடி கொட்டுற பிரச்சனை எல்லாத்தையும் ஒத்தி வச்சாச்சு, யாரும் கோவிச்சுக்காதீங்க.

அக்கா, நான் பி.காம் கடைசி வருஷம். சினிமாவுக்கு காஸ்ட்யூம் டிசைன் பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. நல்லா வரைவேன், என் ட்ரெஸ் எல்லாத்துக்கும் நானே டிசைன் சொல்லித்தான் தைக்கக் குடுப்பேன், காலேஜ்ல எல்லாரும் என்கிட்டதான் ஐடியா கேப்பாங்க. ஆனா அப்பச்சி "நமக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம், பேங்க் எக்ஸாம் எழுது"ங்கிறாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கட்டும்?
– பேர் போடாதீங்க, காரைக்குடி

தங்கச்சி, மொதல்ல அப்பச்சிக்கு பதில் சொல்லிடுவோம். நமக்கும் சினிமாவுக்கும் சம்பந்தம் இல்லன்னு வேற ஊர்க்காரங்க சொன்னா ஒத்துக்கலாம், காரைக்குடிக்காரங்க சொல்லக்கூடாது. 1947 பொங்கலுக்கு வந்த "நாம் இருவர்" படம் எடுத்தது நம்ம காரைக்குடியில இருக்கிற தேவகோட்டை ரஸ்தாவுல, மெய்யப்பச் செட்டியார் அங்க கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தி படம் எடுத்துட்டு அதுக்கப்பறம்தான் ஏவிஎம் மெட்ராசுக்கே போச்சு. இன்னொண்ணும் சொல்லு. இந்தியாவுல இருந்து மொத மொதல்ல ஆஸ்கார் வாங்கினது நடிகரும் இல்ல டைரக்டரும் இல்ல, பானு அத்தையான்னு ஒரு காஸ்ட்யூம் டிசைனர், "காந்தி" படத்துக்காக, 1983ல. இத கேட்டதும் அப்பச்சி மனசு மாறிடும்னு நான் சொல்லல, ஆனா ஒரு நாள் வாய மூடிட்டு யோசிப்பாங்க.

இப்ப உனக்கு. உன் லெட்டர்ல ஒரே ஒரு இடம்தான் எனக்கு உறுத்துச்சு, "என் ட்ரெஸ் நானே டிசைன் பண்ணுவேன்"ங்கிறது. அது ஃபேஷன்மா. நல்ல விஷயம்தான், ஆனா அது வேற வேலை. காஸ்ட்யூம்ங்கிறது உனக்குப் புடிக்காத சட்டைய, நீ பேசியே பழகாத ஒரு மனுஷனுக்கு, அவர் போடுவாரா மாட்டாரான்னு யோசிச்சுப் போடுறது. ஒரு உதாரணம் சொல்றேன் பாரு. கதையில ஒரு பெரியவர், அறுபது வயசு, தேவகோட்டைல ரிட்டையர்டு வாத்தியார், பொண்டாட்டி போய் ரெண்டு வருஷம் ஆச்சு, வீட்ல தனியா இருக்கார். டைரக்டர் உன்கிட்ட சொல்றது இவ்வளவுதான். நீ வெள்ள சட்ட, வேட்டின்னு எழுதிட்டுப் போயிடலாம், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஆனா அந்த சட்டைய இப்ப யாரு துவைக்கிறா, கஞ்சி போடுற பழக்கம் பொண்டாட்டியோட போயிடுச்சா, மூணாவது பட்டன் அறுந்தப்ப அவரே தச்சாரா, அப்படி தச்சிருந்தா கைக்குக் கெடச்ச கருப்பு நூல்லயே தச்சிருப்பாரான்னு ஒருத்தி ஒக்காந்து யோசிச்சு, வெள்ள சட்டையில கருப்பு நூல்ல ஒரு பட்டன் தச்சு விட்டான்னா அவதான் காஸ்ட்யூம் டிசைனர். அந்தப் பட்டன் ஸ்கிரீன்ல தெரியுமான்னு கேக்காத, பாதி நேரம் தெரியாது. ஆனா நடிக்கிறவருக்குத் தெரியும், அந்த சட்டைய மாட்டினதும் அவர் ஒக்கார்ற விதமே மாறிடும், நான் கண்ணால பாத்திருக்கேன்.

இந்த யோசனைய பழக்கிக்க மெட்ராஸ் போக வேண்டியதில்ல. உங்க ஆயா வீட்ல ரெண்டாங்கட்டுல ஒரு பெட்டி இருக்கும்ல, அந்துருண்டை வாசம் அடிக்கிற பெட்டி, அத தொறக்கச் சொல்லு. (முன்னோருக்குப் படைக்க வச்ச சேலை தனியா இருக்கும், அதத் தொடாத, அப்பறம் என்னத் திட்டுவாங்க.) ஒவ்வொரு சேலையா எடுத்து விரிச்சு, இது எப்ப எடுத்தது, யாரு எடுத்தா, என்ன விசேஷம், எத்தன தடவ கட்டினீங்கன்னு கேட்டு எழுது. கரை எந்தப் பக்கம் நைஞ்சிருக்கு பாரு, முந்தியில மஞ்சக்கறை இருக்கா பாரு, எங்க இழை விட்டிருக்கு, எங்க ஒட்டு போட்டிருக்கு எல்லாத்தையும் போட்டோ எடு. அப்பறம் முகப்புலயும் வளவுலயும் மாட்டி வச்சிருக்கிற கல்யாண போட்டோவ ஒண்ணு ஒண்ணா பாத்து, ரவிக்கைல கை எந்த வருஷத்துல நீளம், எப்ப குட்டையாச்சு, பஃப் கை எப்ப வந்துச்சு எப்ப போச்சுன்னு வருஷத்தோட எழுது. வீட்ல பழைய கல்யாணச் செலவு நோட்டு இருந்தா அது தங்கம், சேலைக்கு என்ன விலை குடுத்தாங்கங்கிறதுல இருந்து எந்த ஊர்ல எடுத்தாங்கங்கிற வரைக்கும் நம்ம ஆளுங்க கணக்கு எழுதி வச்சிருப்பாங்க. வேற ஊர்ப் புள்ளைங்க இதுக்கு லைப்ரரி லைப்ரரியா அலையுதுங்க, உனக்கு வளவுலயே இருக்கு.

அடுத்தது ஸ்கிரிப்ட் பிரேக்டவுன். இதத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல, வேலைக்குப் போன மொத நாளே இதத்தான் கேப்பாங்க. புடிச்ச ஒரு சிறுகதைய எடுத்துக்க. சீன் சீனா பிரி. ஒவ்வொரு சீனும் கதையில எத்தனாவது நாள் நடக்குது, காலையா ராத்திரியா, யார் யார் இருக்காங்க, ட்ரெஸ் மாறுதா அதே ட்ரெஸ்ஸா, மழையா, ரத்தம் படுதா, சண்டையான்னு ஒரு பெரிய தாள்ல கட்டம் போட்டு எழுது. கதையில நாள் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா போகும், ஷூட்டிங் அப்படிப் போகாது, நாப்பதாவது சீன காலைல எடுப்பாங்க, மூணாவது சீன சாயங்காலம் எடுப்பாங்க. உன் கட்டம் தப்பா இருந்தா படம் பூரா தப்பு. ரத்தம் படுற சட்ட ஒண்ணு போதாது, ஒவ்வொரு டேக்குக்கும் சுத்தமான சட்ட வேணும், டூப்புக்குத் தனியா வேணும், அதனால கடையில ஒரே மாதிரி எத்தன பீஸ் கிடைக்கும்னு பாத்துட்டுத்தான் அந்த சட்டையவே செலக்ட் பண்ணணும், அழகா இருக்குன்னு ஒத்த பீஸ வாங்கிட்டு வந்து நின்னா அன்னைக்கு ஷூட்டிங் காலி.

என் கதை ஒண்ணு. அசிஸ்டென்ட்டா சேந்த ரெண்டாவது படம். ஹீரோ வீட்டுக்குள்ள நுழையிற ஷாட்ட இங்க ஒரு செட்டியார் வீட்டு முகப்புல எடுத்தோம், உள்ள வந்து அம்மாகிட்ட பேசுறத ஒரு மாசம் கழிச்சு மெட்ராஸ்ல செட் போட்டு எடுத்தோம். சட்ட அதே சட்ட, இஸ்திரி அதே இஸ்திரி, ஆனா கை மடிப்பு ரெண்டா மூணான்னு நான் போட்டோ எடுத்து வைக்கல. நெனப்புல ரெண்டுன்னு மடிச்சு விட்டேன். எடிட்டிங்ல பாத்தா வாசல்ல மூணு மடிப்பு, வாசப்படி தாண்டினா ரெண்டு. இன்னைக்கும் அந்தப் படம் டிவில போட்டா நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுவேன். அதுக்கப்பறம் முன்னாடி, பின்னாடி, ரெண்டு சைடு, கை, செருப்பு, வாட்ச் எந்தக் கையில, மேல் பட்டன் போட்டா போடலையான்னு போட்டோ எடுக்காம ஒரு ஆர்ட்டிஸ்டையும் விட்டதில்ல.

வரையத் தெரியிறது நல்லதுதான், ஆனா ஊசி புடிக்கத் தெரியணும். காஜா எடுக்கவும், மடிச்சுத் தைக்கவும், தச்சதப் பிரிக்கவும் கத்துக்க. டிகிரிய முடி, அது முக்கியம். அதுக்கப்பறம் உன் பெட்டி நோட்டு, போட்டோ நோட்டு, ஒரு கதைக்குப் போட்ட பிரேக்டவுன், அதுக்கான ஸ்கெட்ச், துணி சாம்பிள் எல்லாத்தையும் ஒரு ஃபைலா போட்டு எடுத்துட்டு சென்னைக்கு பல்லவன் ரயில் ஏறு. நேரா டிசைனர் ஆக முடியாது, அசிஸ்டென்ட்டாத்தான் சேரணும், ரெண்டு மூணு படத்துக்காவது பெட்டி தூக்கணும். படம் முடிஞ்சு பேர் போடுறப்ப எழுந்து போகாம காஸ்ட்யூம் டிசைன் யாருன்னு படிச்சு எழுதி வை, அவங்கள்ல யாரோட வேலை உனக்குப் புடிச்சிருக்கோ அவங்களுக்குத்தான் எழுதணும், எந்தப் படத்துல எந்த சீன்ல எது புடிச்சதுன்னு சேத்து எழுதணும். சும்மா "சான்ஸ் குடுங்க"ன்னு வர்ற மெசேஜ நாங்க தொறக்கிறதே இல்ல, பொய் சொல்ல விரும்பல.

சினிமாக்காரர்கள் எங்கள் பக்கத்து வீடுகளில் படமெடுக்கிறார்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஆச்சிகள் அடுப்படியில்கூட காஞ்சிபுரம் பட்டும் கழுத்து நிறைய நகையுமாக நிற்கிறார்கள். என் அப்பத்தாவை நான் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. உங்களைப் போன்றவர்கள் எதற்காக இருக்கிறீர்கள்?
– எழுபத்தெட்டு வயது வாசகர், கோட்டையூர்

ஐயா, நீங்க திட்டினது நியாயம், நானே ரெண்டு படத்துல இந்தப் பாவத்தைப் பண்ணியிருக்கேன். டைரக்டருக்கு ரிச்சா தெரியணும், புரொடியூசருக்கு செலவு பண்ணினது தெரியணும், நடுவுல ஆச்சி மாட்டிக்கிட்டாங்க.

உங்க அப்பத்தா கட்டினது கண்டாங்கியாத்தான் இருக்கும். கெட்டி நூல் பருத்தி, அகலக் கரை, கட்டமோ கோடோ போட்டது, அரக்கு, மஞ்சள், கருப்புன்னு அழுத்தமான கலரு. பின்கொசுவம் வச்சு, வேலை செய்யத் தோதா கணுக்காலுக்கு மேல ஏத்திக் கட்டினது. பழைய ஆச்சிமாருக்கு ரவிக்கையே கிடையாது, உள்பாவாடையும் கிடையாது, துணி அவ்வளவு கெட்டி. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சதும் எல்லாருக்கும் அது ஞாபகம் வந்துச்சு, இப்ப கடையில பட்டுலயும் கண்டாங்கி டிசைன் வருது, லேசான பருத்தியிலயும் வருது, அது இன்னைக்குக் கட்டிக்க நல்லாருக்கும், ஆனா 1940ல நடக்கிற கதைக்கு அத வாங்கிட்டுப் போய் உள்பாவாடை வச்சு முன்கொசுவம் மடிச்சுக் கட்டிவிட்டா உங்கள மாதிரி ஆள் தியேட்டர்லயே எந்திரிச்சு லெட்டர் எழுத ஆரம்பிச்சிடுவீங்க.

அதே மாதிரிதான் கழுத்திருவும், அதான் ஆச்சிமாரோட பெரிய கல்யாணத் தாலி. கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் பெட்டியில இருந்து எடுத்துப் போட்டுட்டு மறுபடி பெட்டிக்குள்ள போயிடுற உருப்படி அது, அதப் போட்டுட்டு ஆச்சி பணியாரம் ஊத்துற சீன் ஒண்ணு பாத்தேன், எனக்கு சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

ஆனா ஐயா, எதிர்ப்பக்கமும் ஒரு தப்பு நடக்குது. பழைய காலம்னாலே எல்லாத்தையும் பிரவுன் கலர்ல முக்கி எடுத்துடுறது. நாம பாத்த பழைய போட்டோ எல்லாம் கருப்பு வெள்ளை, இல்லாட்டி பழுப்பேறினது, அதனால அந்தக் காலமே பழுப்புன்னு நெனச்சுக்கிட்டோம். ரசாயனச் சாயம் 1856லயே கண்டுபிடிச்சாச்சு, பர்மா, மலேயான்னு கப்பல்ல போய் வந்தவங்க வீட்ல நெறத்துக்கா பஞ்சம்? நீங்க உங்க அப்பத்தா சேலை என்ன கலர்னு ஞாபகம் வச்சு எழுதி அனுப்பினீங்கன்னா நெசமாவே உபயோகமா இருக்கும், சும்மா மரியாதைக்குச் சொல்லல.

இந்த வேலைக்கு வரணும்னு நெனக்கிற புள்ளைங்க ஒண்ண குறிச்சுக்கங்க, பீரியட் படத்துல துணியோட நூல்தான் மொத மாட்டிவிடும். டெரிலின், நைலக்ஸ், டெரிகாட்டன் எல்லாம் அறுபது எழுபதுகள்ல நம்ம ஊர் வீட்டுக்குள்ள வந்த சமாச்சாரம். 1940 கதையில ஒரு மூலையில நிக்கிற ஆளோட சட்ட பாலியஸ்டர் பளபளப்பு அடிச்சா அந்த ஷாட்டே போச்சு. கூட்டத்துல நிக்கிற ஆளுங்களுக்கு யாரு ட்ரெஸ் பாக்குறா, ஹெல்ப்பருங்கதான் பாக்குறாங்க, அதனால நீங்க ஹெல்ப்பரா சேந்தாலும் இத தெரிஞ்சு வச்சிருக்கணும்.

மேடம், எனக்கு வயசு 34. பன்னெண்டு வருஷமா தையல் கடை வச்சிருக்கேன், ஜாக்கெட், சட்டை, பேன்ட் எல்லாம் தைப்பேன். பத்தாவது வரைக்கும்தான் படிப்பு. ரெடிமேட் வந்தப்பறம் கடை ஓடல. சினிமாவுல எனக்கு வேலை இருக்குமா, இல்ல படிச்சவங்களுக்கு மட்டும்தானா?
– தேவகோட்டை

தம்பி, மத்த லெட்டர் எழுதினவங்க எல்லாரையும் விட வேலைக்கு ரொம்ப பக்கத்துல நிக்கிறது நீங்கதான். ஆனா எந்த வேலைங்கிறதுல தெளிவா இருங்க. காஸ்ட்யூம் டிசைனர் யோசிச்சு வரைஞ்சு துணி எடுத்துக் குடுப்பாரு, காஸ்ட்யூமர்ங்கிறவர்தான் ஷூட்டிங்ல பெட்டியோட நிப்பாரு, துவைச்சு இஸ்திரி போட்டு மாட்டி விட்டு திரும்ப வாங்கி வைக்கிறது அவரு, தைக்கிறதுக்குன்னு டெய்லர் தனி. மூணு பேருல டெய்லர் இல்லாட்டி ஒரு நாளும் ஓடாது, ஆனா போஸ்டர்ல பேரு வராது. அது பரவால்லன்னா வாங்க.

நீங்க கடையில தைக்கிற மாதிரி அங்க தைக்கக் கூடாது. ஆர்ட்டிஸ்ட் அளவு குடுக்க வரமாட்டாங்க, பழைய சட்ட ஒண்ண அனுப்பி இதே மாதிரின்னுடுவாங்க, ஷெட்யூல் நடுவுல வெயிட் போட்டு வருவாங்க, அதனால உள்ள தாராளமா துணி விட்டுத் தைங்க, பிரிச்சு விட வசதியா. சண்டைக் காட்சிக்குன்னா சட்டைக்குள்ள பேட் கட்டுவாங்க, ரோப் கட்டுறதுக்கு உள்ள பெல்ட் மாட்டுவாங்க, அதுக்கு ஒரு சைஸ் பெருசா, அக்குள்ள துண்டு வச்சுத் தைக்கணும். சீக்கிரம் மாத்தணும்னா ரவிக்கைக்கு முன்னாடி கொக்கி மாதிரி வெளிய காட்டி உள்ள வெல்க்ரோ. இதெல்லாம் ஒரு மாசத்துல பிடிபட்டுடும் உங்களுக்கு.

கடைய ஒரேயடியா மூடாதீங்க. நம்ம பக்கம் ஷூட்டிங் வர்றப்ப லோக்கல்ல ஒரு டெய்லர் தேவைப்படும், லொக்கேஷன் மேனேஜர்கிட்ட சொல்லி வைங்க, ராத்திரி பத்து மணிக்கு நாலு ரவிக்கை வேணும்னு வருவாங்க, விடியறதுக்குள்ள தச்சுக் குடுத்தீங்கன்னா உங்க நம்பர யாரும் அழிக்க மாட்டாங்க. அப்படித்தான் பேரு பரவும். நிரந்தரமா இறங்கணும்னா பெப்சில, அதான் சினிமா தொழிலாளர் சம்மேளனத்துல, இருக்கிற காஸ்ட்யூம் சங்கத்துல கார்டு வேணும். கார்டு வாங்கித் தரேன்னு ரோட்ல எவனாவது காசு கேட்டா குடுக்காதீங்க, வடபழனி பக்கம் அப்படி ஏமாந்தவங்க நெறைய பேர், சங்க ஆபீஸ்லயே நேரா போய் கேளுங்க.

அக்கா நான் ப்ளஸ் டூ. நிஃப்ட்ல படிச்சாதான் காஸ்ட்யூம் டிசைனர் ஆக முடியும்னு சொல்றாங்க, நிஜமா?
– புதுவயல்

இல்ல. ஆனா கிடைச்சா விடாத. நிஃப்ட்ங்கிறது மத்திய அரசோட ஃபேஷன் டெக்னாலஜி காலேஜ், சென்னை தரமணியில இருக்கு, 1995ல ஆரம்பிச்சது, டிகிரி நாலு வருஷம். நுழைவுத் தேர்வுல பொது அறிவு, கணக்கு, இங்கிலீஷ் மாதிரி ஒரு பேப்பர், வரைஞ்சு யோசிச்சு எழுதுற மாதிரி ஒரு பேப்பர், டிசைன் படிப்புக்கு அதுல தேறினா அங்கயே பொருள் குடுத்து எதையாவது செய்யச் சொல்ற டெஸ்ட் ஒண்ணு உண்டு. அதுக்கு ட்ராயிங் கிளாஸ் போறத விட வீட்ல கெடக்கிற அட்டை, கம்பி, கொட்டான் பின்னுற ஓலைய வச்சு கைவேலை செஞ்சு பழகு. காசு அதிகம் ஆகும், அத மொதல்லயே வீட்ல பேசிடு.

முடியாட்டி ஐடிஐல ஒரு வருஷ தையல் டிரேடு இருக்கு, ஃபேஷன் டிசைன் டிரேடும் இருக்கு, சாதாரண காலேஜ்லயும் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன்னு பி.எஸ்சி உண்டு, பேருல காஸ்ட்யூம்னு இருக்கேன்னு சினிமா சொல்லித் தருவாங்கன்னு போயிடாத, பெரும்பாலும் கார்மென்ட் வேலைக்கான படிப்பு அது. அதுவும் கெட்டதில்ல, பேட்டர்ன் கட்டிங் ஒழுங்கா கத்துக்கலாம். நாடகம் புடிக்கும்னா டிகிரி முடிச்சப்பறம் டெல்லில தேசிய நாடகப் பள்ளி, மூணு வருஷம், நாடகத்துல வேலை பாத்த அனுபவம் கேப்பாங்க.

திருமயம் பக்கம் கிராமம். சினிமாவுல யாரையும் தெரியாது. சென்னைல போய் தங்க வசதியும் இல்ல. ஆசைய விட்டுடவா?
– கையெழுத்து மட்டும் போட்டிருக்கு, படிக்க முடியல

விடாதீங்க. உங்க ஊர்த் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடுவாங்கல்ல? சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னும் விடிய விடிய ஓடுது. மேடைக்கு முன்னாடி ஒக்காராம பின்னாடி போங்க. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாரும் அவங்கவங்க பெட்டியோட வந்திருப்பாங்க. ஒரு தகரப் பெட்டிக்குள்ள முருகனும் இருப்பாரு வேடனும் இருப்பாரு கிழவனும் இருப்பாரு, அஞ்சு நிமிஷத்துல வேடன் கிழவனா மாறுறாரு பாருங்க, எத மொதல்ல கழட்டுறாரு, எது உள்ளயே இருக்கு, எங்க முடிச்சு, எங்க கொக்கி. ட்யூப் லைட்ல சம்கி எவ்வளவு தூரத்துக்குத் தெரியுது, தூரத்துல இருந்து பட்டு மாதிரி தெரியிறது கிட்டப்போனா என்ன துணி. கேட்டா சொல்லுவாங்க, அவங்ககிட்ட இத யாருமே கேக்கிறதில்ல.

அந்த மாதிரி சாமி உடுப்பு, நாடக உடுப்பு தைக்கிறவங்க மதுரையில இருக்காங்க, முன்னாடி மீனாட்சியம்மன் கோயில் எதுக்க புது மண்டபத்துல வரிசையா மிஷின் போட்டு ஒக்காந்திருந்தாங்க, இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியாச்சு. ஒரு நாள் போய் நின்னு பாருங்க, பஸ் காசு மட்டும்தான் செலவு. ஸ்கூல் ஆண்டு விழா, காலேஜ் பசங்க எடுக்கிற குறும்படம் எதுவா இருந்தாலும் ட்ரெஸ் நான் பாத்துக்கிறேன்னு கைய தூக்குங்க. ஐநூறு ரூபா பட்ஜெட்ல பத்து பேருக்கு ட்ரெஸ் பண்ணினவன்னு சொல்லிப் பாருங்க, அந்த ஒரு வரிக்கு இந்த ஃபீல்டுல நல்ல மதிப்பு.

என் மகள் காஸ்ட்யூம் அசிஸ்டென்ட் வேலைக்கு சென்னை போறேன்னு நிக்கிறா. சம்பளம் வருமா? பொண்ணுங்களுக்குப் பாதுகாப்பா? உள்ளத உள்ளபடி சொல்லு ஆத்தா.
– ஒரு தாய், கானாடுகாத்தான்

ஆச்சி, உள்ளபடியே சொல்றேன். மொத வருஷம் சம்பளம்னு பெருசா எதிர்பாக்காதீங்க. ஷூட்டிங் இருக்கிற நாளைக்கு பேட்டா வரும், சாப்பாடு யூனிட்ல, ஷூட்டிங் இல்லாத மாசம் கையில காசு இருக்காது. படம் நின்னு போனா பாக்கியும் நின்னு போகும், எனக்கு ஒரு கம்பெனி இன்னும் தர வேண்டியிருக்கு, அத மறந்தாச்சு. ஆறு மாசத்துக்கு ரூம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்ல இருந்து குடுக்க முடியுமான்னு பாத்துட்டு அனுப்புங்க, முடியாட்டி அங்க ஒரு பொட்டிக்லயோ கார்மென்ட் கம்பெனியிலயோ வேலைய புடிச்சுட்டு அப்பறமா உள்ள நுழையட்டும்.

பாதுகாப்புக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, பொய்யா போயிடும். சொல்லக்கூடியது இது: சேர்ற டீம்ல பெண்கள் வேற யார் இருக்காங்கன்னு கேக்கட்டும், வெளியூர் ஷெட்யூல்னா யாரோட ரூம்னு போறதுக்கு முன்னாடியே கேட்டு வாங்கட்டும், "லுக் பத்தி டிஸ்கஸ் பண்ணணும்"னு ராத்திரி தனியா ரூமுக்குக் கூப்பிட்டா போகக்கூடாது, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கிற இடத்துல புகார் கமிட்டி இருக்கணும்னு 2013லயே சட்டம் வந்தாச்சு, அது இல்லாத எடத்துல கலெக்டர் அமைச்ச மாவட்ட கமிட்டிகிட்ட போகலாம், இத அவ தெரிஞ்சு வச்சிருக்கணும். நல்ல மனுஷங்களும் நெறைய இருக்காங்க ஆச்சி, எனக்கு மொத வேலை குடுத்தவங்க வீட்லதான் நான் நாலு மாசம் சாப்பிட்டேன்.

அப்பறம், இது ஏழைங்க துணிய தைக்கிற வேலையான்னு சொந்தக்காரங்க கேப்பாங்க. "பரதேசி" படத்துக்கு பூர்ணிமா ராமசாமி தேசிய விருது வாங்கினது தேயிலைத் தோட்டத்துல அடிமையா கெடந்த கூலிக்காரங்க துணிக்கு, அதுல ஜரிகை கெடையாதுன்னு சொல்லுங்க.

கேமராவுக்கு எந்தக் கலர் நல்லா இருக்கும்?
– ஒத்தை வரி, ஊர் போடல

அது லைட்டையும் செவுத்தையும் பொறுத்தது, ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரையில பூப்போட்ட சேலையோட ஒக்கார வச்சா ஆளே தெரியாது. பொதுவா பளீர்னு வெள்ளைய டீத்தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுத்தாதான் கண்ணக் குத்தாது, பொடிக் கட்டம் போட்ட சட்ட கேமராவுல நெளியும், பின்னாடி கிராபிக்ஸ் போட பச்சைத் துணி கட்டியிருந்தா பச்சைய கிட்டவே சேக்காத. லைவ் சவுண்டுன்னா மொறுமொறு பட்டு வேண்டாம், மைக்குல சரசரக்கும்.

அக்கா!! அடுத்த வாரம் எங்க ஊருக்கு ஷூட்டிங் வர்றாங்க, காஸ்ட்யூம்ல ஹெல்ப்பரா என்னை எடுத்திருக்காங்க, பத்து நாள். கை கால் ஓடல. என்ன எடுத்துட்டுப் போகணும்?
– பள்ளத்தூர் பொண்ணு

அட நம்ம ஊரு! நீ இத படிக்கிறப்ப ஷூட்டிங் முடிஞ்சிருக்குமோன்னுதான் ஆசிரியர்கிட்ட சொல்லி பதில மொதல்லயே உனக்கு அனுப்பச் சொல்லிட்டேன்.

இடுப்புல கட்டுற பை ஒண்ணு. அதுல ஊசி நூல் கருப்பு வெள்ள காக்கி செவப்பு, கோத்தே வச்சுக்க, அங்க போய் நூல் கோக்க டைம் இருக்காது. சின்ன கத்திரி, கொக்கி, பட்டன், அளவு டேப், ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப், சாக்பீஸ், முகப்பவுடர் (சட்டையில எண்ணெய்க்கறை பட்டா ஒடனே தூவி விடு), ஈரத்துண்டு, உப்புத்தாள். உப்புத்தாள் எதுக்குன்னா புது சட்டையோட காலர், முழங்கை, பாக்கெட் ஓரம் லேசா தேச்சு விட்டா ரெண்டு வருஷம் போட்ட மாதிரி ஆகிடும். பேனா, நோட்டு, ஃபோன் சார்ஜ். காட்டன் சுடிதார், ஷூ, தொப்பி, அந்த வெயில்ல பத்து மணி நேரம் நிக்கணும்.

ஆர்ட்டிஸ்ட தொடுறதுக்கு முன்னாடி கேட்டுட்டுத் தொடு. டைரக்டர் "டேக்" சொல்ற வரைக்கும் மானிட்டர் பக்கத்துல நின்னு கண்ண ட்ரெஸ்ல வை, முந்தி சரிஞ்சா ஓடு. வாங்கினதுக்கெல்லாம் பில் வாங்கி வை, பில் இல்லாட்டி அந்தக் காசு உன் காசு. யாரு எத கழட்டிக் குடுத்தாலும் அன்னைக்கு ராத்திரியே எண்ணி எழுதிட்டுத் தூங்கு, ஒரு ஜோடி கொலுசு காணாமப் போனா மொத சந்தேகம் லோக்கல் புள்ள மேலதான் வரும்.

ஊக்கு சொல்ல மறந்துட்டேன். ரெண்டு அட்டை இல்ல, ஒரு டப்பா முழுக்க, சின்னதும் பெருசுமா. மத்தியானத்துக்குள்ள எல்லாரும் உன்கிட்டதான் வந்து கேப்பாங்க.